கேமராவுக்குக் கட்டிய பாவாடை

ஆதார் அட்டையில் அவள் பெயர் செபாஸ்தியம்மாள். குருசடித் தெருவில் செவத்தி. போலீஸ் ஸ்டேஷனில் அவளுக்கு வேறொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அது அவள் காதில் விழுந்தால் சொன்னவர் அன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது என்பதால் இங்கே அதை விட்டுவிடுவோம்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு ரோட்டில் வந்தால், ஊர் முடிந்து தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது குருசடித் தெரு. மெயின் ரோட்டைப் பார்த்த முனையில் சிலுவை வைத்த சின்னக் குருசடி. தோட்டத்தைப் பார்த்த மறுமுனையில் தண்ணீர்த் தொட்டி. இரண்டுக்கும் நடுவே ஓட்டு வீடும் ஆஸ்பெஸ்டாஸ் வீடுமாக நெருக்கியடித்து நிற்கின்றன. மில்லுக்கும் தோல் பதனிடுகிற ஷாப்புக்கும் கொத்து வேலைக்கும் போகிற சனம். செவத்தியின் புருஷன் அருள்நாதன் நூல் மில்லில் வாட்ச்மேன். செவத்தி ஆடு வளர்க்கிறாள். குட்டியாக வாங்கி, தழை ஒடித்துப் போட்டுத் தேற்றி, அய்யலூர் வியாழச் சந்தையில் விற்பாள். வியாபாரி துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேச வந்தால், "துண்ட எடுத்துட்டு வாயால சொல்லுய்யா, நான் என்ன களவாண்டா வந்தேன்" என்பாள். சந்தையே திரும்பிப் பார்க்கும்.

சித்தையன்கோட்டைப் பக்கத்துப் பெண். பெண் பார்க்க வந்த கூட்டத்தின் நடுவில் காப்பித் தட்டோடு வந்து நின்று, "அங்க குளிக்கிறதுக்கு ரூம் இருக்கா" என்று கேட்டவள் இவள். பெண் வாய் திறந்ததே அவர்களுக்கு அதிர்ச்சி. மாப்பிள்ளையின் அக்காள் சமாளித்துக்கொண்டு, "இருக்கு இருக்கு, எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். கல்யாணமாகி வந்து பார்த்தால் இருந்தது ஒரு தொட்டி, ஒரு துவைகல், தலைக்கு மேல் ஆகாயம். மறுநாளே நாத்தனார் கையைப் பிடித்துத் தொட்டிக்குக் கூட்டிப்போய், "கதவு எங்கிட்டு இருக்கு மதினி, செத்த காட்டுங்க" என்று கேட்டாள். நாத்தனார் அந்தப் பக்கம் தலைகாட்டவே பல மாதம் ஆயிற்று.

கதவு இல்லைதான். ஆனால் கதவுக்குப் பதில் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலை பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் தொட்டி பெண்களுடையது. வேலைக்குப் போகிற ஆம்பளைகள் போயிருப்பார்கள். வீட்டில் இருக்கிறவன் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டான். தோட்டத்து வழியாக வண்டியில் வருகிறவன் வளைவிலேயே நிறுத்தி ஒரு ஹாரன் அடிப்பான். "இருக்கோம்" என்று ஒரு குரல் வந்தால், வண்டியைத் திருப்பிக் கொண்டு சுற்றி மெயின் ரோடு வழியாகப் போவான். பால்காரனும் அப்படித்தான். மாதா கோவில் சாமியார் பைக்கில் வந்தாலும் அப்படித்தான். யாரும் எழுதி வைக்கவில்லை, போர்டு மாட்டவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் பாவாடையை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு பெண்கள் குளிப்பார்கள், துவைப்பார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், சத்தமாகச் சிரிப்பார்கள். நாள் முழுக்க அவர்களுக்கென்று இருந்தது அந்த நேரம் மட்டும்தான். அரசாங்கம் கட்டிக் கொடுத்த கக்கூஸ் வீட்டுக்கு வீடு இருக்கத்தான் செய்கிறது. அதற்குள் நின்று குளிக்க வேண்டுமானால் கையை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

செவத்தியின் கிடாக்கள் இரண்டு காணாமல் போனதில்தான் எல்லாம் தொடங்கியது.

பட்டப்பகல். தோட்டத்துப் பாதையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றிருக்கிறது. மேய்ந்துகொண்டிருந்த கிடாக்களைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். காரில் வந்து ஆடு திருடுகிற காலம் இது. செவத்தி ஸ்டேஷனுக்கு ஓடினாள். "ஆடுதானம்மா, வந்துரும்" என்றார்கள். ஜீப் வந்து பார்த்துவிட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று.

ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அந்த ஸ்டேஷனில் ஒரு நல்ல ஆளும் இருந்தாள். லிடியா. ஏரியாவுக்கு ஒரு காவலர் என்று பிரித்துக் கொடுத்ததில், குருசடித் தெரு அவளுக்கு வந்திருந்தது. ஏட்டு. ஸ்கூட்டியில் வருவாள், வாசலில் கிடக்கிற கல்லில் உட்கார்ந்து டீ குடிப்பாள், தண்ணியைப் போட்டுவிட்டு அடிக்கிற புருஷன்மாரைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சொல்வாளோ தெரியாது, ஒரு மாசத்துக்கு அவர்கள் அடங்கிக் கிடப்பார்கள். எல்லார் போனிலும் அவள் நம்பர் இருந்தது.

"எந்நேரமும் கூப்புடுங்கக்கா" என்றாள் லிடியா.

"நீங்க தங்கமான பொண்ணு ஏட்டம்மா. ஆனா உங்களுக்கு ஆடு போன் பண்ணுமா? ஒரு கேமராவ மாட்டுங்க."

லிடியா சிரித்தாள். செவத்தி சிரிக்கவில்லை. அடுத்து வந்த குறைகேட்புக் கூட்டத்தில் எழுந்து அதையே கேட்டாள். அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்டாள். கடைசியில் இன்ஸ்பெக்டர் முகேஷ்குமாரே சலித்துப்போய், "சரிம்மா, யாராவது ஸ்பான்சர் பிடிச்சு மாட்டிடலாம்" என்றார்.

ஸ்பான்சர் கிடைக்க ரொம்ப நாள் ஆகவில்லை. தெரு முனையில் கம்பி, சிமெண்ட், பைப் விற்கிற கடை பொன்னுத்துரையுடையது. போலீசோடு நல்ல பழக்கம் வேண்டும் என்று நினைக்கிற வியாபாரி. கேமரா வாங்கிக் கொடுத்தார், கம்பம் நட்டுக் கொடுத்தார், கம்பத்தில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்ட தகரப் பலகையும் மாட்டிக்கொண்டார். கார் வந்தது தோட்டத்துப் பாதையில் என்பதால் கம்பத்தைத் தொட்டிக்குப் பக்கத்தில் நட்டார்கள். ஒரு சாயங்காலம் வந்து மாட்டினார்கள். அந்த நேரத்தில் தொட்டியடியில் ஒரு காக்கா கூடக் கிடையாது. ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்தார்கள். செவத்தி முன்னால் நின்று கை தட்டினாள். அந்தக் கைதட்டலை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

"படம் எங்கிட்டுப் போவும்" என்று அப்போதே கேட்டாள்.

"ஸ்டேஷனுக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஸ்டேஷன் என்றால் லிடியா என்றுதான் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். தொட்டியில் குளித்தார்கள், சிரித்தார்கள், கம்பத்தைப் பார்த்து, "ஏட்டம்மா, முதுகு தேய்க்க வாரீகளா" என்றுகூடக் கேலி பேசினார்கள்.

பத்து நாள் கழித்து ஆட்டுக் கொட்டில் கதவுக்கு ஒரு கொண்டி வாங்க செவத்தி பொன்னுத்துரை கடைக்குப் போனாள். பொன்னுத்துரை இல்லை. கல்லாவில் அவர் மச்சினன் உட்கார்ந்திருந்தான். சிமெண்ட் மூட்டைகள் மேல் லோடு இறக்குகிற பையன்கள் இரண்டு பேர் டீ கிளாசோடு சாய்ந்திருந்தார்கள். எல்லாருடைய முகமும் சுவரில் மாட்டியிருந்த டிவியைப் பார்த்திருந்தது. டிவியில் ஒரு தொட்டி, ஒரு துவைகல்.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அட, நம்ம தெரு டிவியில வருதே என்று கிட்டப் போனாள். அப்போது மூட்டை மேல் இருந்த ஒருவன், யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் மற்றவனிடம் சொன்னான்.

"ஏன்டா, மணி பத்தாச்சு. இன்னும் ஒருத்தியையும் காணோம்."

செவத்திக்கு வந்தது அவமானமா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. கொண்டி கேட்காமலே திரும்பினாள். செவத்தி பேசாமல் ஒரு கடையை விட்டு இறங்கியது அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

தெருவில் அவள் நடந்த நடைக்குக் கோழியெல்லாம் விலகி ஓடின. தொட்டியடியில் ஆனந்தி அப்போதுதான் வாளியோடு வந்திருந்தாள். பக்கத்து வீட்டு மருமகள், கைப்பிள்ளைக்காரி.

"ஏய் ஆனந்தி, வீட்டுக்குப் போ."

"என்ன ஆச்சு அத்தை?"

"போங்குறேன்ல. போயி எல்லாத்தையும் கூப்புட்டு வா. குளிக்க இல்ல."

வீட்டுக்கு வந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்த உள்பாவாடையை உருவினாள். அன்று காலையில்தான் நீலம் போட்டு அலசியது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற தொரட்டியை எடுத்தாள். தொரட்டி நுனியில் பாவாடையைக் கோர்த்துத் தூக்கி, கேமரா மேல் கவிழ்த்தாள். நாடா தொங்கியது. அதையும் கொக்கியில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தாள். வாய் சுருங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் அகத்திக்கீரையும் வேப்பந்தழையும் ஒடித்த கை, குறி தப்பவில்லை.

கூடி வந்த பெண்களிடம் கடையில் பார்த்ததைச் சொன்னாள். ஒருத்தி வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். ஆனந்தி துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆடு போனபோது இரண்டு நாள் கழித்து வந்த ஜீப், படம் போனதும், கடையிலிருந்து போன் பறக்க, இருபது நிமிஷத்தில் வந்து நின்றது. அம்புட்டு வேகம். இன்ஸ்பெக்டர் முகேஷ்குமார் இறங்கிக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். கூட வந்த போலீஸ்காரர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். பொன்னுத்துரையின் பெயர்ப்பலகைக்கு மேல் பாவாடை காற்றில் உப்பிக்கொண்டு நின்றது.

"யாரு செஞ்சது இது?"

"நான்தான் சார். என் பாவாடைதான்."

"கேமரா கேட்டதே நீதானம்மா."

"கேட்டேன். ஆட்டத் திருடுறவனப் பாக்கக் கேட்டேன். நாங்க குளிக்கிறத கடையில படம் போட்டுக் காட்டச் சொல்லிக் கேக்கல. படம் ஸ்டேஷனுக்கு வரும்னு சொன்னீகளே சார், எங்க வருது?"

ஸ்டேஷனில் இடமில்லை, கடையில் நெட் இருக்கிறது, தற்காலிக ஏற்பாடு என்று இன்ஸ்பெக்டர் என்னவோ இழுத்தார். பிறகு குரலை உயர்த்தி, எல்லா ஊரிலும் எல்லா போலீசும் சொல்கிற ஒன்றைச் சொன்னார்.

"தப்பு பண்ணாதவங்களுக்குக் கேமராவப் பாத்து என்னம்மா பயம்?"

"நாங்க தப்பு பண்ணல சார். குளிச்சோம்."

பின்னால் நின்ற பெண்களில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஏணி வரவழைத்தார். ஒரு இளவயசு போலீஸ்காரர் மேலே ஏறி, பாவாடையைக் கையால் தொட வெட்கப்பட்டு லத்தியால் நெம்பி நெம்பிக் கழற்றினார். கீழே விழுந்ததை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, போலீஸ் கண்காணிப்புக்கு இடையூறு செய்ததாகச் செவத்தி மேல் கேஸ் என்று சொல்லிவிட்டு, பாவாடையை வழக்குச் சொத்தாக எடுத்துக்கொண்டு போனார்கள். போகட்டும், வேறு என்ன சொல்ல. ஆட்டுக் கள்ளனைப் பிடிக்க முடியாத ஸ்டேஷன் ஒரு உள்பாவாடையைப் பிடித்து உள்ளே வைத்தது.

சாயங்காலம் செவத்தியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் கொஞ்சம் இறங்கித்தான் வந்தார். ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சுருங்கன்னு எழுதி ஒரு கைநாட்டோ கையெழுத்தோ போட்டுட்டுப் போம்மா. கேஸ் வேண்டாம்."

"கையெழுத்துப் போடத் தெரியும் சார். ஆனா தெரிஞ்சுதான் செஞ்சேன்."

அருள்நாதன் மில்லிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்திருந்தான். நல்ல மனுஷன், சத்தம் போட்டால் பயந்துகொள்வான். "எழுதிக் குடுத்துட்டு வந்துரு செவத்தி. நமக்கெதுக்கு வம்பு" என்று கெஞ்சினான்.

"நம்ம குளிச்சது தப்புன்னு எழுதச் சொல்றாக. உங்களுக்குச் சம்மதமா?"

அருள்நாதன் கையிலிருந்த சைக்கிள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வேண்டாம்" என்றான். கல்யாணமாகி அவன் சொன்னதில் அவளுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை அதுதான் என்று இப்போதும் சொல்வாள்.

டிவியை எடுக்கச் சொல்லிப் பொன்னுத்துரையிடமும் கேட்டுப் பார்த்தாள். "பசங்க சும்மா டிவி பாக்குறாய்ங்க செவத்தி. நான் கண்டிச்சு வைக்கிறேன். அதுக்குப் போயி தானம் குடுத்தவன் பேரக் கெடுக்கலாமா" என்றார். டிவி இருந்த இடத்திலேயே இருந்தது. கேமரா தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பெண்கள் தொட்டிக்கு வருவதை விட்டார்கள். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோய், கட்டிலை நிமிர்த்தி வைத்துச் சேலையைப் போர்த்தி, அதன் பின்னால் குத்தவைத்துக் குளித்தார்கள். தண்ணீர் எடுக்கத் தொட்டிக்கு வரும்போதும் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள். சிரிப்புச் சத்தம் போயே போய்விட்டது. ஆனந்தி ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் செவத்தியைப் பார்த்துச் சொன்னாள்.

"கேமரா வேணும் வேணும்னு நீங்கதான குதிச்சீக. உங்க ரெண்டு கிடாய்க்கு எங்க மானம் போச்சு."

செவத்தி வீட்டுக்குப் போய்க் கொட்டிலுக்குள் ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு எழுந்தாள். நான் கொண்டுவந்த சனியன், நானே இறக்கி வைக்கிறேன் என்று முடிவு பண்ணிக்கொண்டாள்.

லிடியா வந்தது அதற்கு மறுநாள். வழக்கமாக உட்காருகிற கல்லில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"டிவி கடையில இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா எடம் பாக்க வந்தப்ப சாயங்காலம். பத்து மணி சங்கதி எனக்குத் தெரியாது. ஒரு பொம்பளகிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. கேக்கல. தப்புதான்."

"உங்க ஐயாகிட்ட சொன்னீகளா?"

"சொன்னேன். ஒன் வேலையப் பாருன்னுட்டார்." லிடியா குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கிழமை கோவில் மண்டபத்துல போலீஸ், பப்ளிக் கூட்டம். டிஎஸ்பி வர்றாரு. கேமரா குடுத்ததுக்காகப் பொன்னுத்துரைக்குப் பொன்னாடை. பேசுங்கக்கா. ஆனா கத்தாதீங்க. நீங்க கத்துனா உங்க சத்தத்தப் பத்தித்தான் பேசுவாங்க."

"கத்தாம நான் எப்புடிப் பேசுறது ஏட்டம்மா" என்றாள் செவத்தி. நிஜமான சந்தேகம்தான் அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபம் நிறைந்துவிட்டது. பொன்னுத்துரை வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவியும் மகளும். டிஎஸ்பி பேசினார். மக்களும் காவல்துறையும் கைகோத்தால் குற்றம் குறையும், பொன்னுத்துரை மாதிரி பெரிய மனசுக்காரர்கள் ஊருக்கு நாலு பேர் வேண்டும் என்றார். பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு, பொதுமக்கள் யாராவது கருத்துச் சொல்லலாம் என்று மைக்கை நீட்டினார்கள்.

செவத்தி எழுந்ததும் இன்ஸ்பெக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெருப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவள் என்ன சொல்லி மானத்தை வாங்கப் போகிறாளோ என்ற பயம் அவர்களுக்கு.

"ஐயா, மொதலாளி நல்ல மனுசரு" என்றாள் செவத்தி. குரல் அவளுடையதுதானா என்று அருள்நாதனே திரும்பிப் பார்த்தான். "எங்க தெருவ இம்புட்டு நாளா கடையில டிவி வச்சுப் பாத்துக்கிட்டாரு. நாங்க வாங்கிக்கிட்டே இருந்தா நல்லாருக்காது. பதிலுக்கு நாங்களும் செய்யணும்ல. அதனால ஒரு கோரிக்கை ஐயா. கேமராவக் கழட்டி மொதலாளி வீட்டுப் பின்னாடி, அடிபம்புக்கிட்ட வைங்க. அங்கயும் திருடன் வருவான். டிவிய எங்க வீட்டுத் தாவாரத்துல மாட்டிருவோம். எங்க தெரு ஆம்பளைக வேலையில்லாத நாள்ல சும்மாதான் ஒக்காந்திருக்காக. அவுக பாத்துக்குவாக. டீத்தண்ணி நான் போட்டுத் தாரேன்."

மண்டபத்தில் பின்பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. பொன்னுத்துரை பொன்னாடையோடு எழுந்துவிட்டார். முகம் சிவந்து போயிருந்தது.

"என்னா பேச்சு பேசுற நீ. குடும்பப் பொம்பளைக பொழங்குற எடம் அது. எம்பொண்ணு குளிக்கிற எடம். அதப் போயி கண்டவனும் ஒக்காந்து டிவில பாக்குறதா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. அவர் மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஆள் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பொன்னாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டுதான் ஐயா" என்றாள் செவத்தி டிஎஸ்பியைப் பார்த்து. "நான் சொல்ல வந்தத மொதலாளியே சொல்லிட்டாக." மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

டிஎஸ்பி இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். "டிவி எங்க இருக்கு?" இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். நெட் என்றார், இடம் என்றார். டிஎஸ்பி ஓரமாக நின்ற லிடியாவைப் பார்த்து, "உங்க ஏரியாதானே. நீங்க சொல்லுங்க" என்றார்.

லிடியா தன் இன்ஸ்பெக்டர் பக்கம் பார்க்கவேயில்லை. "பத்து மணிக்கு மேல அது லேடீஸ் குளிக்கிற எடம் சார். தெருவுல எல்லாருக்கும் தெரியும், ஆம்பளைங்க யாரும் போக மாட்டாங்க. நாங்க கேக்காம வச்சுட்டோம். டிவி கடையில ஓடுது. அத மறைச்சதுக்கு அந்தம்மா மேல கேஸ் போட்டிருக்கோம்." இதைச் சொன்னதற்காக லிடியாவுக்கு மூன்று வாரம் பந்தோபஸ்து டியூட்டி விழுந்தது, அது வேறு கதை. சொன்னாளே, அதுதான் பெரிசு. தலையைக் குனிந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஆனந்தி எழுந்து நின்று, "ஆமா சார், எங்கள ஒக்காந்து பாத்தாய்ங்க" என்றாள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் கத்தாமல் இருந்தவள் செவத்தி ஒருத்திதான்.

மறுநாள் டிவி கடையிலிருந்து இறங்கி ஸ்டேஷனுக்குப் போனது. இல்லாத இடம் எப்படியோ கிடைத்துவிட்டது. நெட்டும் கிடைத்துவிட்டது. பதிவாகியிருந்த பழைய படத்தையெல்லாம் பெண்களில் மூன்று பேரை வைத்துக்கொண்டு லிடியா அழித்தாள். எந்த இடத்தில் மாட்டலாம் என்று இந்த முறை பெண்களைக் கூட்டி நடக்கவிட்டுக் கேட்டார்கள். தொட்டியைத் தாண்டி, தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில், வருகிற வண்டியின் முகம் தெரிகிற மாதிரி மாட்டினார்கள். பொன்னுத்துரை மச்சினன் கடைக்கு வருவதில்லை. பொன்னுத்துரை செவத்தியைப் பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறிப் போகிறார். தொட்டியடியில் வெறும் கம்பமும் பெயர்ப்பலகையும் மட்டும் நின்றன.

கேஸ் மட்டும் போகவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. எல்லாம்தான் சரியாகிவிட்டதே, ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் ஐயா கேஸை முடித்துவிடுவார் என்று.

செவத்தி குளித்து, தலை வாரி, கோவிலுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை, ஆனால் நாற்காலியைக் காட்டினார். மேஜையில் வெள்ளைத்தாள் தயாராக இருந்தது.

"எழுத வரல சார். என் பாவாடைய வாங்கிட்டுப் போக வந்தேன்."

"அது கேஸ் ப்ராப்பர்ட்டிம்மா."

"அப்பக் கோர்ட்டுக்குக் கொண்டாங்க. நானும் வாரேன். ஜட்ஜ் ஐயா எடுத்துப் பிரிச்சுப் பாக்கட்டும். எதுக்குக் கட்டுனேன்னு அவர்கிட்டச் சொல்றேன். இன்னைக்கே வரணும்னாலும் வாரேன்."

ரைட்டர் பேனாவை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்தார். ஒரு உள்பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று இன்ஸ்பெக்டருக்கு மனசுக்குள் ஓடியிருக்க வேண்டும். தாளை எடுத்துக் கசக்கினார்.

"அந்தம்மா துணியக் குடுத்து அனுப்புங்கய்யா" என்றார்.

பறிமுதல் செய்த பைக்குகளுக்கும் மணல் அள்ளிய சட்டிகளுக்கும் நடுவிலிருந்து பையைத் தேடி எடுத்து வந்தார்கள். செவத்தி அங்கேயே பிரித்தாள். உதறினாள். ஸ்டேஷன் முழுக்கத் தூசி பறந்தது.

"வெளுத்துக் கட்டுனேன். அழுக்காக்கிக் குடுக்குறீக" என்றாள். தோளில் போட்டுக்கொண்டு, பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெயின் ரோடு வழியாகவே நடந்து வந்தாள். மறைத்துக் கொண்டுவர அவளுக்கு எந்த அவசியமும் இல்லை.

மறுநாள் பத்து மணிக்குத் தொட்டி நிறைந்துவிட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, தானாக வந்தார்கள். ஆனந்தி வந்து செவத்தியின் வாளியை வாங்கித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. செவத்தியும் எதிர்பார்க்கவில்லை. "சோப்ப இங்கிட்டுத் தள்ளு" என்றாள், அவ்வளவுதான். பாவாடையைத் துவைகல்லில் வைத்து ஓங்கி ஓங்கி அடித்தாள். அலசினாள். நீலம் போட்டாள். தொட்டிக் குழாயிலிருந்து வெறுங்கம்பத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டி, பொன்னுத்துரை பெயருக்கு நேர் கீழே பாவாடையைப் பிழிந்து போட்டாள்.

அப்போது தோட்டத்து வளைவில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. ஜீப். பெண்களின் பேச்சு நின்றது. ஆனந்தி துண்டை இழுத்து மேலே போட்டுக்கொண்டாள். செவத்தி கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த தொரட்டியை எட்டி எடுத்தாள்.

ஜீப் வளைவிலேயே நின்றது. ஒரு ஹாரன் அடித்தது.

"இருக்கோம்" என்றாள் செவத்தி.

கியர் மாறுகிற சத்தம் கேட்டது. வண்டி பின்னால் போய்த் திரும்பி, மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனது. செவத்தி தொரட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றினாள்.